சிவக்காத வட்டம்

நம் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் ஒருவர் போன வாரம் எனக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தார். திரையில் ஓடிக்கொண்டிருக்கும் விட்ஜெட் ஒன்று எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லும் மெத்தடை, நிரலை நிறுத்தாமலேயே, பைத்தானில் இருந்தபடி மாற்றிவிட்டாராம். "சேச்சி, ரெண்டே வரி. அடிபொளியா ஓடுது!" கூடவே வானத்தில் பாயும் ஒரு ராக்கெட் படம். பெயர் சொல்ல மாட்டேன். இதைப் படிக்கும்போது அவருக்குக் காது சூடாகும், அது போதும்.

ஓய்வு பெற்ற பிறகு எனக்கு இரண்டு வகையான செய்திகள்தான் வருகின்றன. காலை வணக்கம் சொல்லும் ரோஜாப்பூப் படங்கள் ஒரு வகை. "ஓடுது" என்று சொல்லும் நீங்கள் இன்னொரு வகை. ரோஜாப்பூக்களை நான் அப்படியே நம்பிவிடுவேன். நீங்கள் "ஓடுது" என்றால் மட்டும் எனக்குப் பொன்முடி அடிவாரத்துச் சோதனைச் சாவடி ஞாபகம் வந்துவிடும். அந்தக் கதையை உங்கள் குழுவில் யாரும் கேட்டதில்லை என்று தெரிகிறது. கேட்டிருந்தால் ராக்கெட் வந்திருக்காது.

அப்போது நம் அலுவலகம் பழவங்காடியில் ஒரு பாத்திரக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது. பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைபடும் சத்தம் நாள் முழுக்கக் கேட்கும். வாடிக்கையாளருக்கு நிரலைக் கொடுக்கும் நாளில் நம் ஆட்களில் பாதிப் பேரை இருக்கையில் பார்க்க முடியாது, கீழே தேங்காயோடு வரிசையில் நிற்பார்கள். "டெஸ்டிங்குக்குப் பதிலா இது?" என்று கேட்டால், "பதிலா இல்லைக்கா, கூடுதலா" என்பார்கள்.

அவர்களில் முக்கியமானவன் அனந்து. சாலைக் கடைத்தெருவில் அவன் அப்பாவுக்குத் திருகாணி, கீல், தாழ்ப்பாள் விற்கும் கடை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தலைமுறைகளாக இங்கேயே ஊறிய குடும்பம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், கம்ப்யூட்டரிடம் பைத்தான். மூன்றிலும் அவனுக்கு ஒரே வேகம், மூன்றிலும் வாக்கியத்தை முடிப்பதற்குள் அடுத்ததை ஆரம்பித்துவிடுவான். நல்ல மூளை. அதை நான் சொல்லி அவன் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை, அவனுக்கே ரொம்ப நன்றாகத் தெரியும்.

பொன்முடிக்குப் போகும் மலைப்பாதையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கொண்டை ஊசி வளைவுகள், ஒரு பக்கம் மண் சரிவு, மறுபக்கம் பள்ளம். மலையில் பெருமழை பெய்தால் மண் இளகிச் சாலையில் விழும். கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மேலே கொட்டும், அதுதான் ஆபத்து. அதனால் மலையில் சில இடங்களில் மழைமானிகள் வைத்து, அவை அனுப்பும் அளவை அடிவாரச் சாவடியில் ஒரு திரையில் காட்ட வேண்டும் என்று நமக்கு வேலை வந்தது. திரையின் நடுவில் பெரிய வட்டம். மழை எல்லைக்குள் இருந்தால் பச்சை. எல்லையைத் தாண்டினால் வட்டம் முழுக்கச் சிவந்து, 'வண்டிகளை நிறுத்துக' என்று எழுத்து வர வேண்டும். சாவடியில் இருப்பவர் அதைப் பார்த்துக் கேட்டைத் தாழ்த்துவார். மூலையில் மழையின் அளவு சின்ன எண்ணாகவும் ஓடிக்கொண்டிருக்கும்.

அந்தச் சிவப்பும் எழுத்தும் முதலில் திட்டத்தில் இல்லை. கொடுக்க வேண்டிய நாள் நெருங்கியபோது வேலை கொடுத்த அதிகாரிக்கு அது தோன்றியது. முறையாகச் செய்வதென்றால், அந்த வட்டத்துக்குத் தனியாக ஒரு கிளாஸ் எழுதி, தன்னை எப்படி வரைந்துகொள்வது என்பதை அதற்குள்ளேயே சொல்லி, முதலிலிருந்து சோதிக்க வேண்டும். நம் அனந்துவுக்கு அவ்வளவு பொறுமை எங்கே? அவன் எப்படிச் செய்தான் என்று உங்களுக்குத் தெரியும், ஏனென்றால் நீங்களும் அப்படித்தான் செய்திருக்கிறீர்கள். அந்த வட்டமாகிய விட்ஜெட் தன்னை வரையும்போது கூப்பிடுகிற பெயிண்ட்ஈவென்ட் என்ற மெத்தட் இருக்கிறதல்லவா? மழை எல்லையைத் தாண்டியதும் அந்த மெத்தடின் இடத்தில், ஓடிக்கொண்டிருக்கும்போதே, சிவப்பாக வரையும் தன் ஃபங்ஷனைத் தூக்கி வைத்துவிட்டான். மழை குறைந்தால் அதை எடுத்துவிடுவான், பழைய பச்சை தானாக வந்துவிடும். ரெண்டே வரி.

சோதித்தும் பார்த்தான். பொய்யாக ஒரு மழைக் கோப்பு தயாரித்து, அதில் முதல் அளவே பேய்மழையாக வைத்து நிரலை ஓட்டினான். வட்டம் ரத்தச் சிவப்பாக வந்தது. மாடியே கைதட்டியது.

நான் அந்தக் குழுவில் இல்லை. வேறொரு வேலையில் இருந்தேன். தொடக்க நாளில் அதிகாரிகள் வருவார்கள், பேச ஒரு நரைத்த தலை வேண்டும் என்று என்னையும் அனந்துவோடு அனுப்பினார்கள். என் தலை அந்த வயதிலேயே அதற்குப் பொருத்தமாக இருந்தது.

காலையில் சாவடியில் நல்ல வெயில். திரையைப் போட்டோம், வட்டம் பச்சை. அதிகாரி வந்தார், நாடா வெட்டினார், பழம்பொரியும் சாயாவும் சாப்பிட்டார், "நல்லா இருக்கு, கேட்டோ" என்று அனந்துவின் தோளில் தட்டிவிட்டுப் போனார். சாவடியின் கேட் காவலர் சுகுமாரன், ஐம்பது வயதைத் தாண்டியவர். தன் மேசையில் புதிதாக வந்து உட்கார்ந்திருக்கும் அந்தத் திரையைத் துண்டால் ஒரு முறை துடைத்தார். "இனி நமக்குப் பணி இல்லை. எல்லாம் இவன் பாத்துக்குவான்" என்றார். அனந்து சிரித்த சிரிப்பைப் பார்க்க வேண்டுமே.

மதியத்துக்கு மேல் மலையின் தலை மேகத்துக்குள் போனது. கீழே ஒரு துளி இல்லை. சுற்றுலாப் பயணிகளோடு ஒரு வேன் வந்தது, பச்சையைப் பார்த்து சுகுமாரன் கேட்டைத் தூக்கினார், வேன் மேலே போனது. நான் சும்மா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூலையில் இருந்த எண் ஏறிக்கொண்டிருந்தது. எல்லை எவ்வளவு என்று எனக்குத் தெரியும். எண் அதை நெருங்கியது, தொட்டது, தாண்டியது. வட்டம் பச்சையாகவே இருந்தது.

"அனந்து, இது சிவக்கணும்ல?"

அவன் எட்டிப் பார்த்தான். "சிவக்கும்க்கா. ஒரு நிமிஷம் ஆகும்."

ஒரு நிமிஷம் ஆனது. எண் இன்னும் ஏறியது. வட்டம் பச்சைக் கிளி மாதிரி உட்கார்ந்திருந்தது.

அந்த நேரத்தில் ஒரு ஜீப் வந்து கேட்டின் முன்னால் நின்றது. மேலே தேயிலைத் தோட்டத்து லயங்களில், தொழிலாளர் வரிசை வீடுகளில், இருப்பவர்கள். கீழே சந்தைக்கு வந்துவிட்டுத் திரும்புகிறார்கள். ஓட்டுநர் அந்தோணி. பின்னால் பைகளும் சாக்குகளுமாகப் பெண்கள் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். சுகுமாரன் திரையைப் பார்த்தார், பச்சை. கேட்டின் கயிற்றில் கை வைத்தார்.

"சேட்டா, திறக்காதீங்க" என்றேன்.

"பச்சையல்லே மேடம் காட்டுது? பின்னே எதுக்கு அடைக்கணும்?"

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள், பிள்ளைகளே. ஒரு திரையில் எண் ஒன்று சொல்கிறது, வட்டம் வேறொன்று சொல்கிறது. எது சரி என்று அந்த நொடியில் எனக்குத் தெரியாது. மழைமானிகூடப் பழுதாகி இருக்கலாம். ஆனால் எது சரி என்று கண்டுபிடிப்பது அந்த நொடியின் வேலை இல்லை. எண் தப்பாக இருந்தால் ஒரு ஜீப் வீணாகக் காத்திருக்கும், எல்லோரும் என்னைத் திட்டுவார்கள். வட்டம் தப்பாக இருந்தால் அந்தப் பெண்கள் ஈர மண்ணுக்கு அடியில் போவார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முடிவெடுக்கப் பெரிய படிப்பு வேண்டாம்.

அனந்துவுக்கு வேறு யோசனை. அவன் ஏற்கெனவே மடிக்கணினியைத் திறந்துவிட்டான். "அக்கா, ரெண்டு நிமிஷம் தாங்க, சரி பண்ணிடறேன். அதுவரை யார்கிட்டயும் ஒண்ணும் பறய வேண்டாம்."

"முதல்ல கேட். அப்புறம் உன் கோட்" என்றேன். சுகுமாரனிடம் திரும்பி, "சேட்டா, எங்க திரை தப்பு காட்டுது. மூலையில இருக்கிற நம்பரைப் பாருங்க. மேல நல்ல மழை. கேட்டைத் தாழ்த்தியே வைங்க. மேல போன வேனைப் பத்தி வயர்லெஸ்ல கேளுங்க."

காலையில்தான் நாடா வெட்டிய பொருளைப் பற்றி, அதைச் செய்த கம்பெனியின் ஆளே, வந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி இப்படிச் சொல்ல வேண்டியிருந்தது. அனந்து என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. அவனுடைய குழந்தையை நான் சந்தையில் வைத்து அடித்தது போல.

அந்தோணி ஜீப்பை விட்டு இறங்கி வந்தான். "என்ன சார், பச்சை எரியுது, கேட்டு அடைச்சிருக்கு? எங்களுக்கு எப்பவும் இதே பாடுதான்."

பின்னாலிருந்து ரோசம்மா என்கிற பெண்ணும் இறங்கினாள். நேராக என்னிடம் வந்தாள். "எம்மா, எம்புள்ளைக ரெண்டும் லயத்துல தனியா கெடக்குதுக. இருட்டுனா பயப்படும். உங்க மிஷினே போகலாம்னு சொல்லுது, நீங்க யாரு போக வேண்டாம்னு சொல்ல?"

"மிஷின் தப்பா சொல்லுதும்மா."

"அப்ப எதுக்கு வச்சீங்க?"

இந்தக் கேள்விக்கு எந்தக் கையேட்டிலும் பதில் கிடையாது. நான் தொலைபேசியை எடுத்தேன்.

சுகுமாரனுக்கும் சங்கடம். கேட்டை அடைக்க மேலிடத்து உத்தரவு வேண்டும், உத்தரவு கொடுக்க வேண்டிய வட்டமோ பச்சை. அதிகாரியைத் தொலைபேசியில் பிடித்தேன். "மேடம், இன்னைக்கல்லே ஸ்டார்ட் பண்ணினோம்? இன்னைக்கே கேடுன்னு பறஞ்சா நான் மேலே என்ன சமாதானம் சொல்வேன்?" என்றார். மழைமானியின் எண்களைப் படித்துக் காட்டினேன். "ஷரி. உங்க பொறுப்பில் அடைச்சுக்கோங்க" என்றார். பொறுப்பு என்கிற அந்தச் சொல்லை அவர் எவ்வளவு தெளிவாக உச்சரித்தார் என்றால், பக்கத்தில் நின்ற சுகுமாரனுக்கே கேட்டது.

வயர்லெஸ்ஸில் மேல் சாவடியிலிருந்து பதில் வர நேரம் எடுத்தது. அந்த நேரம் முழுக்க நான் அந்த வேனின் நிறத்தை நினைத்துக்கொண்டிருந்தேன். வெள்ளையா, சாம்பலா? பார்த்துத்தான் இருந்தேன், நினைவில் இல்லை. பிறகு இரைச்சலுக்கு நடுவே குரல் வந்தது: வேன் மேலே வந்து சேர்ந்துவிட்டது, பயங்கர மழை, அங்கேயே நிறுத்தி வைத்திருக்கிறோம். சுகுமாரன் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். எண் சரி, வட்டம் தப்பு என்பது அப்போதுதான் உறுதியானது.

இதற்கிடையே நம் அனந்து என்ன செய்துகொண்டிருந்தான்? ஓடும் நிரலுக்குள் நுழைந்து, அதே வரியை மறுபடி அடித்தான். விட்ஜெட்டின் பெயிண்ட்ஈவென்ட் இனிமேல் இந்தச் சிவப்பு ஃபங்ஷன். திரை பச்சை. இன்னொரு முறை அடித்தான். பச்சை. மூன்றாவது முறை என்டர் பொத்தானைக் கொஞ்சம் பலமாக அடித்தான். நீங்களும் அப்படி அடிப்பீர்கள், எனக்குத் தெரியும். பலமாக அடித்தால் கேட்கும் என்று நம் தொழிலில் எல்லோருக்கும் மனதுக்குள் ஒரு நம்பிக்கை உண்டு.

"என் மெஷின்ல சிவந்துச்சுக்கா. சத்தியமா சிவந்துச்சு."

"உன் மெஷினை மலையில வைக்க முடியாதே, கண்ணு."

கடைசியில் பொறுமை இழந்து நிரலை மொத்தமாக நிறுத்தி மறுபடி ஆரம்பித்தான். ஜன்னல் திறந்தது. வட்டம் சிவப்பு! நடுவில் பெரிய எழுத்து. சாவடியே வெளிச்சமானது போல இருந்தது. அனந்து நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டான்.

"சரியாயிடுச்சு! பாத்தீங்களா? சும்மா ஹேங் ஆயிருக்கு. ரீஸ்டார்ட் பண்ணினா போதும்."

"ஏன் சரியாச்சு?"

"அதான், ரீஸ்டார்ட்…"

"ரீஸ்டார்ட்ல என்ன மாறுச்சு?"

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மேலதிகாரி இருந்தார். நாங்கள் போய் "சார், சரியாயிடுச்சு" என்றால் சந்தோஷப்பட மாட்டார். "தானாச் சரியானது தானாவே கெட்டுப்போகும்" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார். அவர்மேல் எங்களுக்கு இருந்த கோபத்தைச் சொல்லி முடியாது. அன்று சாவடியில் அவர் சொன்னதைத்தான் நானும் அனந்துவிடம் சொன்னேன். அவனுக்கும் என்மேல் அதே கோபம் வந்தது. அந்த அளவில் மரபு காப்பாற்றப்பட்டது.

பழம்பொரி வந்த அட்டைப்பெட்டியின் மூடியைக் கிழித்து, சுகுமாரனிடம் அவருடைய மார்க்கரால் 'நிறத்தைப் பார்க்காதே, எண்ணைப் பார்' என்று மலையாளத்தில் எழுதச் சொல்லி, வட்டத்தை மறைத்துத் திரையில் ஒட்டினேன். அனந்து, "இப்ப சிவப்பாத்தானே இருக்கு, எதுக்கு மறைக்கணும்?" என்றான். சரி என்று தெரியாத வரைக்கும் சிவப்பையும் நம்பக் கூடாது என்றேன். அட்டையில் எண்ணெய்க் கறை இருந்தது. நம் கம்பெனி அன்று கொடுத்த பொருட்களிலேயே ஒழுங்காக வேலை செய்தது அதுதான்.

கொஞ்ச நேரத்தில் மேலே மழை தணிந்தது. எண் இறங்கி, எல்லைக்குக் கீழே வந்தது. அனந்து அட்டையின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தான். வட்டம் பச்சையாகியிருந்தது, சரியாக, நேரத்துக்கு. அவன் முகத்தில் பழைய வெளிச்சம் வந்தது. அந்தோணி ஜீப்பைக் கிளப்பினான். ரோசம்மா ஏறி உட்கார்ந்துவிட்டாள். அதிகாரியே தொலைபேசியில் கூப்பிட்டு, "இப்போ சரியாயி அல்லே? வண்டிகளை விடலாமே? ஆளுகள் பரிபவம் பறயுறாங்க" என்றார். புகார் சொல்கிறார்களாம்.

எல்லோரும் ஒரே பக்கம். மறுபக்கம் நான், ஓர் அட்டை.

"எண் கொஞ்ச நேரம் கீழேயே நிக்கட்டும் சார். அதுவரை வேண்டாம்" என்றேன். அந்தோணி ஹாரனை அழுத்தியபடியே என்னைப் பார்த்தான். ரோசம்மா சொன்னதை இங்கே எழுத முடியாது. தமிழ் எவ்வளவு வளமான மொழி என்று அன்று எனக்குப் புரிந்தது.

எண் நின்றது. மெல்ல அசைந்தது. மறுபடி ஏறத் தொடங்கியது. எல்லையைத் தொட்டது. தாண்டியது. சுகுமாரன் எழுந்து வந்து அட்டையை முழுதாகத் தூக்கிப் பிடித்தார். அந்தோணி எஞ்சினை அணைத்துவிட்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். எல்லோர் கண்ணுக்கும் முன்னால் எண் மேலே போய்க்கொண்டிருந்தது, வட்டம் பச்சையாகவே சிரித்துக்கொண்டிருந்தது.

அனந்துதான் முதலில் முனகினான்: "ஒரு தடவை பச்சையா வரைஞ்சுட்டா… அப்புறம் சிவக்கவே மாட்டேங்குது."

அந்த வாக்கியத்தை அவன் சொல்லி முடித்த சிறிது நேரத்தில் வயர்லெஸ் இரைந்தது. மேலே ஒரு வளைவில் மண்ணும் ஒரு மரமும் சாலையில் சரிந்துவிட்டன. வண்டி எதுவும் அகப்படவில்லை. வழி முழுக்க அடைந்துவிட்டது.

அந்தோணி ஸ்டியரிங்கின் மேல் கைகளை வைத்துக்கொண்டு நெடுநேரம் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தான். கேட் திறந்திருந்தால் தான் எந்த வளைவில் இருந்திருப்போம் என்று கணக்குப் போட்டிருப்பான், அந்தப் பாதை அவனுக்கு மனப்பாடம். ரோசம்மா இறங்கி வந்தாள். நன்றி சொல்லப்போகிறாள் என்று நினைத்து நான் கொஞ்சம் நிமிர்ந்துகூட உட்கார்ந்தேன். "போன்ல சார்ஜ் இல்ல. எம்புள்ளைகளப் பாத்துக்கன்னு பக்கத்து வீட்டுக்காரிக்குச் சொல்லணும். வயர் இருக்கா?" என்றாள். அனந்து தன் மடிக்கணினியின் வயரைப் பிடுங்கிவிட்டு, அங்கே தன் போன் சார்ஜரைச் செருகி அவளுக்குக் கொடுத்தான். அவள் பக்கத்து வீட்டுப் பெண்ணோடு பேசி முடித்துவிட்டு, வயரைச் சுருட்டி அனந்துவிடமே கொடுத்தாள். ஜீப்பில் வந்தவர்கள் அன்று அடிவாரத்தில் தெரிந்தவர்கள் வீடுகளில் தங்கினார்கள். பாதை மறுநாள் திறந்தது.

மறுநாள் அலுவலகத்தில் அனந்து, பைத்தானையும் திரையையும் இணைக்கும் பைண்டிங்கின் மூலநிரலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். மதியச் சாப்பாட்டுக்கு வரவில்லை. பிறகு என் மேசைக்கு வந்து, நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, மெதுவாகச் சொன்னான். நம்புங்கள், மெதுவாக.

அவன் கண்டுபிடித்தது இதுதான். திரையில் வரைய நாம் பயன்படுத்திய டூல்கிட் சி++ மொழியில் எழுதப்பட்டது. நாம் பைத்தானில் பேசுவதை அதற்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது பைண்டிங். ஒரு விட்ஜெட்டை முதன்முதலாக வரைய வேண்டியபோது பைண்டிங் நம் பக்கம் பார்த்து, "இந்த மெத்தடைப் பைத்தானில் யாராவது மாற்றியிருக்கிறீர்களா?" என்று தேடுகிறது. மாற்றி இருந்தால் நம்முடையதைக் கூப்பிடுகிறது, அடுத்த முறையும் தேடுகிறது. இல்லை என்றால், இல்லை என்று குறித்து வைத்துக்கொள்கிறது. அதன் பிறகு அந்த விட்ஜெட்டுக்கு அந்த மெத்தடைத் தேடுவதே இல்லை. வரைவது அடிக்கடி நடக்கிற வேலை. ஒவ்வொரு தடவையும் தேடினால் வேகம் போய்விடும். நியாயமான காரணம்தான்.

அனந்துவின் சோதனையில் முதல் அளவே பேய்மழை. முதல் முறை வரைவதற்கு முன்பே சிவப்பு ஃபங்ஷன் போய் உட்கார்ந்துவிட்டது. தேடியபோது கிடைத்தது. சாவடியில் காலை வெயிலில் ஆரம்பித்தோம். முதல் முறை தேடியபோது ஒன்றும் இல்லை. அதோடு கதவு சாத்தப்பட்டது. பிறகு அவன் எத்தனை முறை வைத்தாலும், எவ்வளவு பலமாக என்டரை அடித்தாலும், அந்தப் பக்கம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. மறுபடி ஆரம்பித்தபோது மேலே மழை கொட்டிக்கொண்டிருந்ததால் முதல் தேடலிலேயே சிவப்பு அகப்பட்டது. மழை தணிந்து அவன் நிரலே அந்த ஃபங்ஷனை எடுத்துவிட்டதும், அடுத்த தேடலில் ஒன்றும் இல்லை, மறுபடி கதவு சாத்தல். பிழைச் செய்தி எதுவும் வராது. எல்லாம் ஒழுங்காக நடப்பது போலவே இருக்கும்.

"அக்கா, மழை இல்லாம ஆரம்பிச்சு, அப்புறம் மழை வந்தா என்ன ஆகும்னு நான் பாக்கவே இல்ல" என்றான்.

"மழைன்னா அப்படித்தானே வரும்?" என்றேன்.

அவன் சிரித்துவிட்டான். எனக்கும் நிம்மதி. சிரிக்கத் தெரிந்தவனுக்குத் தொழில் வரும்.

அந்த இரண்டு வரிகளைத் தூக்கி எறிந்துவிட்டு, வட்டத்துக்கென்று ஒரு கிளாஸ் எழுதினான். அதற்குச் சொந்தமாக ஒரே பெயிண்ட்ஈவென்ட், முதல் நொடியிலிருந்து அங்கேயே இருப்பது. வரையும் ஒவ்வொரு முறையும் மழை அளவைப் பார்த்து எந்த நிறம் என்று அதுவே முடிவு செய்யும். மாற வேண்டியது அளவுதான், மெத்தட் அல்ல. இதில் சாமர்த்தியம் எதுவும் இல்லை. வாசிக்கிறவருக்குத் தூக்கம் வரும். உயிர் சம்பந்தப்பட்ட நிரல் அப்படித்தான் இருக்க வேண்டும்.

ஓடும்போது மெத்தடை மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பிழை தேடும்போது நானே செய்திருக்கிறேன். ஆனால் நீங்கள் வைத்ததை மறுபக்கம் எப்போது தேடும், எத்தனை முறை தேடும் என்று தெரியாமல் வைக்காதீர்கள். தெரிந்துகொண்டு வைத்தால் அது வித்தை. தெரியாமல் வைத்து ஓடிவிட்டால் அதன் பெயர் ராக்கெட்.

புதிய நிரலோடு மறுபடி சாவடிக்குப் போனோம். இந்த முறை பொய்க் கோப்பு மட்டும் போதாது, வெயிலில் ஆரம்பித்து உண்மையான மழை வரும்வரை இருந்து பார்க்க வேண்டும் என்று அதிகாரி சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. நம்முடைய போதாத காலம், நகரமெல்லாம் குடை பிடித்து நடந்த அந்த மழைக்காலத்தில் பொன்முடிமேல் மட்டும் ஒரு துளி விழவில்லை. நாள்தோறும் போய் உட்கார்ந்தோம். சுகுமாரன் பழைய அட்டையைக் கழற்றச் சம்மதிக்கவில்லை, பக்கத்துச் சுவருக்கு மாற்றி வைத்திருந்தார். போகிற வருகிற தோட்டத்து ஆட்களெல்லாம், "என்ன தம்பி, மழை இன்னும் இறங்கலையா? ஆர்டர் குடுத்தாச்சா?" என்று அனந்துவைக் கேட்டுவிட்டுப் போவார்கள். அவன் சாலைக் கடைத்தெருவில் வளர்ந்தவன், பதில் சொல்லத் தெரியும். ஆனால் திரையின் மூலையையே பார்த்துக்கொண்டிருப்பான்.

பிறகு ஒரு நாள் சாயங்காலம் மலை இருண்டது. பச்சை வட்டத்தின் மூலையில் எண் ஏற ஆரம்பித்தது. அனந்து கைகளை மடியில் வைத்துக்கொண்டான், விசைப்பலகையின் பக்கமே போகவில்லை. எண் எல்லையைத் தாண்டிய அதே நொடியில் வட்டம் முழுக்கச் சிவந்தது. சுகுமாரன் யாரையும் கேட்காமல் எழுந்து போய்க் கேட்டைத் தாழ்த்தினார். தணிந்தபோது பச்சை. மறுபடி ஏறியபோது மறுபடி சிவப்பு. அந்த இரண்டாவது சிவப்பைப் பார்த்துத்தான் நான் மூச்சு விட்டேன்.

தாழ்ந்த கேட்டின் முன்னால் அந்தோணியின் ஜீப் வந்து நின்றது. ஹாரன் அடித்தான். மறுபடி அடித்தான். கீழே மழையே இல்லை, வீட்டுக்குப் போகிற நேரம், பின்னால் நிறைய பைகள். "எவன்யா இந்தக் கருமம் புடிச்ச மிஷின வச்சது?" என்று கத்தினான்.

அனந்து வாசலில் போய் நின்று கையைத் தூக்கினான். "நான்தான் அண்ணாச்சி."

ரோசம்மா ஜீப்பின் பின்பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்து அவனை அடையாளம் கண்டுகொண்டாள். "நீயா? அப்ப கேட்டுத் தொறக்குற வரைக்கும் இங்கன வந்து நில்லு. நாங்க திட்டுறதுக்கு ஒரு ஆள் வேணும்ல" என்றாள்.

அவன் போய் ஜீப்பின் பக்கத்தில் நின்றான். அந்தோணி ஆரம்பித்தான், ரோசம்மா தொடர்ந்தாள், உள்ளே இருந்த மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். பிறகு மழை கீழேயும் இறங்கியது. அவன் நனைந்துகொண்டே, எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டு நின்றான். ஒருவன் அவ்வளவு சந்தோஷமாகத் திட்டு வாங்கி நான் பார்த்ததே இல்லை.